இருபதுக்குள் எடுத்துவிட வேண்டும்

சபையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கிருபைராஜ் "மருந்து ஆராய்ச்சி" என்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்குநேரி சாலையில் ஒரு பார்மசி கல்லூரியின் எலிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அட்டெண்டர். அங்கே மருந்தும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு எலியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்பவன் அவன். மேற்கொண்டு துருவிக் கேட்பவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்வான்.

"எலியச் சூட்டுல நிறுத்தி எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாப்பேன். பொறவு குளுந்த தட்டுல நிறுத்தி எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாப்பேன். நியாயத்தீர்ப்பு நாள்ல என்னைய எந்தப் பக்கம் நிறுத்துவாங்கன்னு நீங்களே சொல்லிருங்க."

அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வேலை பார்ப்பதற்கு எளிது. ஐம்பத்தைந்து டிகிரி சூட்டில் ஒரு தட்டு, அதன்மேல் எலி தாண்டிவிடாமல் ஒரு கண்ணாடி வளையம். எலியை இறக்கியதும் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் அது சுற்றுமுற்றும் பார்க்கும், புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் மாதிரி. பிறகு பின்னங்காலைத் தூக்கி உதறும். அல்லது வாயருகே கொண்டுபோய் நக்கும். அந்த நொடியில் வாட்சை நிறுத்தி எலியை எடுத்துவிட வேண்டும். சாதாரண எலிக்கு எட்டு, ஒன்பது செகண்ட். வலியைக் குறைக்கிற மருந்து வேலை செய்தால் பதினைந்து, பதினெட்டு என்று ஏறும். எலிக்கூடத்தில் நேரம் கூடினால் நல்ல செய்தி. கூடக்கூட எல்லோர் முகத்திலும் சிரிப்பு வரும், எலியைத் தவிர.

ஒரே ஒரு சட்டம். இருபதாவது செகண்டில், எலி காலைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும், எடுத்துவிட வேண்டும். அதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். அதற்குமேல் விட்டால் பாதம் வெந்துபோகும். சூடு உறைக்காத எலி வேகிறது தெரியாமலே நிற்கும். அதற்குத் தெரியாததால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு டிகிரியில் ஒரு குளிர்ந்த தட்டும் உண்டு. கணக்கு அதேதான், கட்-ஆஃப் மட்டும் ஒரு நிமிஷம்.

இந்த வருடம் ஆராய்ச்சி நித்யாவுடையது. அம்பாசமுத்திரத்துப் பெண். புற்றுநோய்க்குப் போடுகிற ஒரு ஊசி நோயாளியின் கைகால் நரம்பைக் கெடுக்கிறதாம். அந்த ஊசியை எலிக்குப் போட்டு, நரம்பைக் கெடுத்து, பிறகு ஒரு மலைச்செடியின் சாற்றைக் கொடுத்துச் சரியாகிறதா என்று பார்க்கிறாள். கூண்டுகளில் ஏ, பி, சி, டி என்று எழுத்து மட்டும் ஒட்டியிருந்தது. எந்தக் கூண்டுக்கு ஊசி, எந்தக் கூண்டுக்குச் சாறு என்பது அவளுக்குத் தெரியும். கிருபைராஜுக்குச் சொல்லக்கூடாது.

"என் மேல அம்புட்டு சந்தேகமா?" என்று கேட்டான்.

"என் மேலதான் சந்தேகம் அண்ணாச்சி. எந்த எலி எதுன்னு எனக்குத் தெரியும்லா. நான் வாட்சைப் பிடிச்சா என் மருந்து குடிச்ச எலிக்கு என்னை அறியாம ஒரு செகண்ட் கூடப் போட்டுருவேன். ஆசை இருக்கிற கை வாட்சைப் பிடிக்கக் கூடாது."

"அப்போ எனக்கு ஆசையே கிடையாதுங்கியா?"

"எலி மேல உண்டு. மருந்து மேல கிடையாதுல்லா."

எலி மேல உண்டு என்பது உண்மை. எலிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, வாலில் கோடு மட்டும்தான் போடலாம். கிருபைராஜ் ரகசியமாகச் சபையின் சேகரக் கமிட்டி உறுப்பினர்களின் பதவிகளைச் சூட்டியிருந்தான். மூன்று கோடு பொருளாளர். நாலு கோடு, சபை விருந்தை நடத்துகிற அசனக் கமிட்டித் தலைவர். தீனி விஷயத்தில் பொருத்தம் அப்படி. கூண்டு கழுவுகிற சொரிமுத்துவுக்கு மட்டும் இது தெரியும்.

"பொருளாளரு இன்னைக்குச் சாப்பிடலயே வே," என்பான் சொரிமுத்து.

"ஆடிட் வருதுல்லா. அப்படித்தான் இருக்கும்."

ஒரு நாள் காலை நித்யா ஊசி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டுக் காலிக் குப்பியை மேஜையில் வைத்தாள். எறிவதற்காக எடுத்த கிருபைராஜ் லேபிளைப் படித்தான். ஆக்ஸாலிபிளாட்டின். ஏற்கெனவே படித்த பெயர். போன வாரம், டவுனில் உள்ள ஆஸ்பத்திரியில், அவன் மனைவி சௌந்தரியின் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் பையில் ஒட்டியிருந்த காகிதத்தில்.

குப்பியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். அன்றைக்கு முழுவதும் ஒரு பகடியும் பேசவில்லை. சொரிமுத்து காய்ச்சலா என்று கேட்டான்.

ஞானசௌந்தரி மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது வருட வாத்தியார் வேலையில் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை என்பதை ஊரே சொல்லும், அவளும் மறுக்கமாட்டாள். மே மாதம் குடலில் கட்டி என்றார்கள், ஆபரேஷன் நடந்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு ஊசி என்றார்கள். பன்னிரண்டு என்ற எண்ணை அவள் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வது மாதிரி எடுத்துக்கொண்டாள். முடித்தே ஆக வேண்டும்.

ஊசி போட்ட நாளிலிருந்து குளிர்ச்சி ஆகவில்லை. குழாய்த் தண்ணீர் விரலில் பட்டால் முள் குத்துகிறது. கிருபைராஜ் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றினான். குளிக்க, குடிக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் வெந்நீர் போட்டான். ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வண்ணார்பேட்டை வீட்டின் பின்வாசலில் இரண்டு ரோஜாத் தொட்டி. காலையில் எவர்சில்வர் செம்பில் சிமெண்ட் தொட்டித் தண்ணீரை மோந்து அவளேதான் ஊற்றுவாள். பிளாஸ்டிக் மக் வாங்கிவைத்தான். "நான் என்ன பஸ் ஸ்டாண்ட் கக்கூஸையா கழுவுதேன்?" என்று ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது ஊசிக்கு மறுநாள் காலை அவள் செம்பைத் தூக்கினாள். ஊற்றினாள். பாதியிலேயே செம்பைச் சுவரில் வைத்துவிட்டு, கையை ஒரு உதறு உதறி, விரல்களை வாயில் வைத்துக்கொண்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிருபைராஜுக்கு அந்த உதறலும் அந்த வாயும் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அதைவிட மோசம், அவன் வாய் தானாகவே எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்றில் நின்றது.

"என்ன முணுமுணுக்கீய?" என்றாள் சௌந்தரி.

"ஜெபம் பண்ணுதேன்."

"பேப்பரை வச்சுக்கிட்டா?"

"நாட்டுக்காக."

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். நல்ல மனுஷி, ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். "கையில கால்ல வலி, மரத்துப் போறது ஏதும் இருக்கா? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு," என்றாள் சௌந்தரி.

கிருபைராஜ் அவளைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சண்டை. "ரெண்டா? ரெண்டுக்கா செம்பை அப்படி வச்சே?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துக் கட்டில்ல முத்துராணின்னு ஒருத்தி இருந்தால்லா, ஞாபகம் இருக்கா? கை எரியுது, கால் எரியுதுன்னு வாரப்பல்லாம் சொன்னா. ஊசியை நிறுத்திட்டாங்க. பொறவு அவ வரவே இல்ல."

"ஊருக்குப் போயிருப்பா."

"ஆமா, போயிருப்பா." சௌந்தரி வெளியே பார்த்தாள். "பன்னெண்டும் போட்டு முடிக்கேன். அதுக்குள்ள நீங்க வாயைத் திறந்தீய, பாத்துக்கிடுங்க."

திறக்கமாட்டேன் என்று சொன்னான். சொல்லிவிட்டுப் போன வருட டைரி ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் எண்களை எழுத ஆரம்பித்தான். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. தச்சன் என்றால் அவளுக்கு ஒரு சாய்வு நாற்காலி செய்திருப்பான். இவனுக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும். நான்காவது ஊசி, எட்டு செகண்ட். ஆறாவது, மூன்று. எட்டாவது ஊசிக்கு மறுநாள் ஒன்றரை. செம்பு கையிலிருந்தே விழுந்து உருண்டது. ஒடுக்கு விழுந்த செம்பை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒன்றரை என்று எழுதினான். அந்தச் செம்பை என்றைக்கோ ஒளித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வைத்தால் ரீடிங் போய்விடும் என்று ஒரு எண்ணம் மனதின் மூலையில் இருந்ததை அவன் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டான், அதுவும் தன்னிடம் மட்டும்.

எலிக்கூடத்திலும் பி கூண்டு எலிகள் குளிர்ந்த தட்டில் கால் வைக்கவே அஞ்சின. பொருளாளர் பி கூண்டு. அவரை இறக்கும்போது கிருபைராஜ் காதருகே, "ரெண்டுன்னு சொல்லிரு, விட்டுருவாங்க," என்பான்.

ஒன்பதாவது ஊசிக்குப் பிறகு எண் ஏறியது.

முதல் நாள் ஆறு. அடுத்த வாரம் பன்னிரண்டு. மார்கழிக் குளிரில் தண்ணீர் ஐஸாக இருந்த ஒரு காலையில் சௌந்தரி செம்பைப் பிடித்து இரண்டு தொட்டிக்கும் ஊற்றி, காய்ந்த இலையைக் கிள்ளி, இன்னொரு செம்பும் மோந்து ஊற்றினாள். நாற்பது எண்ணினான். கையை உதறவே இல்லை.

அன்று மாலை வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கப் ஐஸ்கிரீம் வாங்கினான். ஊசி ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள் வராத பொருள்.

"இது எதுக்கு? எனக்கு ஆகாதுல்லா," என்றாள் சௌந்தரி.

"தொட்டுத்தான் பாரேன்."

தொட்டாள். கப்பைக் கையில் வாங்கினாள். உருகி விரலில் வழிந்தது. தொண்டைக்கு ஆகாதென்று நாலு கரண்டிதான் சாப்பிட்டாள். ஆனால் கப்பைக் கீழே வைக்கவில்லை. கிருபைராஜ் அறுபதுவரை எண்ணி, அதற்குமேல் எண்ண மாட்டாமல் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், ஏன் என்று தெரியாமலே. அன்று டைரியில் அறுபதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

மறுநாள் எலிக்கூடத்தில் அவனால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்: குப்பி, டிரிப் பை, செம்பு, டைரி. "ஒன்றரையில கிடந்தது இப்போ அறுபது. உன் எலிக்குச் செடி, என் வீட்டுக்காரிக்குக் கர்த்தர். யாரு ஜெயிச்சான்னு பாத்துக்கோ."

நித்யா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். "சூட்டுல பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பெண்டாட்டியைத் தூக்கித் தோசைக்கல்லுல நிறுத்தவா சொல்லுதே?"

"அதில்ல. குளிர்ல நேரம் கூடுனா ரெண்டு அர்த்தம் இருக்கும். நரம்பு சரியாகியிருக்கலாம். இல்லைன்னா..." நிறுத்திக்கொண்டாள். "ரெண்டு தட்டுலயும் பாத்தாத்தான் சொல்ல முடியும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

"கேட்டுருவோம், கேட்டுருவோம்," என்றான் கிருபைராஜ். படிப்பு கூடினால் சந்தோஷப்பட மனசு வராது என்று நினைத்துக்கொண்டான். அந்த மாதம் சௌந்தரிக்குச் சேலை ஊக்கு குத்த முடியாமல் போனது, பேனா கையிலிருந்து நழுவியது, ஒரு செருப்பு தெருவில் கழன்று கிடக்க அவள் வெறுங்காலோடு வீடுவந்து சேர்ந்தது, எல்லாமே அவனுக்குத் தெரியும். ஊசி போடுகிற உடம்பு, அசதி இருக்கத்தானே செய்யும் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கி வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது. சௌந்தரி ஓடிவந்து அடுப்பை அணைத்து, பால் பாத்திரத்தை இறக்கினாள். கைத்துணி ஆணியில் தொங்கியது. அவள் வெறுங்கையால் பாத்திரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, மேடையில் இடம் பார்த்து, அங்கிருந்த அரிசித் தட்டை முழங்கையால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அடுக்களை வாசலில் கிருபைராஜ் நின்றிருந்தான். வாய் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் தட்டை நகர்த்தினாள். நான்கு, ஐந்து. அவள் திரும்பி, "பால் பாதி போச்சு," என்றாள். ஆறு.

ஏழில்தான் அவனுக்கு உறைத்தது.

பாய்ந்து பாத்திரத்தைப் பிடுங்கினான். அவனால் அரை செகண்ட்கூடப் பிடிக்க முடியவில்லை. பாத்திரம் தரையில் விழுந்து பால் இருவர் காலிலும் தெறித்தது. அவன் துள்ளினான். அவள் துள்ளவில்லை.

"என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சத்தம் போட்டவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். விரல் நுனிகள் எட்டும் வெளுத்து, ஓரத்தில் சிவந்து வந்தன. அவள் தன் கையை, யாரோ ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்த சிலேட்டைப் போலத் தூக்கிப் பார்த்தாள்.

"சுடலியே," என்றாள்.

அவள் விரல்களைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கிருபைராஜுக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எலியைக்கூட அவன் தட்டில் மறந்தது இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்தாவது ஊசி. வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டா ரெண்டுன்னுதான் சொல்லுவேன். பொய்யும் இல்ல. வலியே இல்லைல்லா. இன்னும் மூணுதான். மூணு." கைக்கட்டைச் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

டாக்டரம்மா கேட்டார். சௌந்தரி, "ரெண்டு," என்றாள்.

கிருபைராஜ் சட்டைக்குள்ளிருந்து டைரியை எடுத்து மேஜையில் வைத்தான். "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. அவ கையையும் பாருங்க."

சௌந்தரி அவனைப் பார்த்த பார்வை மூன்றாம் வகுப்பில் காப்பியடித்தவனைப் பார்க்கிற பார்வை. டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். பதினொன்று, எட்டு, மூன்று, ஒன்றரை, ஆறு, பன்னிரண்டு, நாற்பது, அறுபது, இரண்டு கோடு.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான். செம்பைப் பிடிச்சா எத்தனை செகண்ட்னு. எலிக்குப் பாக்குத மாதிரி."

அந்த அறையில் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விரல்களைப் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். சௌந்தரி கண்ணை மூடிக் காத்திருந்தாள். டாக்டரம்மா மூன்று தடவை தொட்டுவிட்டு எடுத்த பிறகும் அவள் காத்திருந்தாள்.

இந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்துகிறோம், மற்றதைத் தொடர்வோம் என்றார் டாக்டரம்மா. முன்னாலேயே தெரிந்திருந்தால் அளவைக் குறைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். உணர்ச்சி திரும்புமா என்று கிருபைராஜ் கேட்டான். பல பேருக்கு மாசக்கணக்கில் பையப் பையத் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது என்றார். மூன்று ஊசி குறைந்ததால் நோய் திரும்புமா என்று சௌந்தரி கேட்டாள். அதற்கும் ஏறக்குறைய அதே பதில்தான்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜங்ஷன் வந்தபோது பேசினாள்.

"என்னைய எலியாக்கிட்டீய."

"ஆமா."

"எத்தனை மாசமா எண்ணுனீய?"

"மூணாவது ஊசில இருந்து."

"எண்ணிக்கிட்டு உக்காந்திருந்ததுக்குச் செம்பை வாங்கி நீங்க ஊத்தியிருக்கலாம்லா?"

கிருபைராஜ் டைரியைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டான்.

"அந்த எலியெல்லாம்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "ஆராய்ச்சி முடிஞ்சதும் என்ன செய்வீய? வெளியே விட்டுருவீயளா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி. அவன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "சரி, சொல்லாண்டாம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் கட்டுப் போட்ட அவள் கை மடியில் கிடந்தது. கட்டுக்கு வெளியே விரல்கள் பாதி தெரிந்தன. கிருபைராஜ் பைய அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தான். வாய் கேட்கவில்லை. பத்து தாண்டியது. பாலத்தின் நடுவே ஒரு லாரி நின்று, பஸ்ஸும் நின்றது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. சட்டப்படி கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. லாரி நகர்ந்தது. நாற்பது. அறுபது. அதற்குமேல் எண்ணிக்கை தப்பிப்போனது.

வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் இறங்குவதற்காகச் சௌந்தரி பையை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் மடியைப் பார்த்தாள். அவன் கையையும், அதன் அடியில் இருந்த தன் கையையும் பார்த்தாள்.

"எப்ப வச்சீய?" என்றாள்.

"இப்பத்தான்," என்றான் கிருபைராஜ்.